எத்தனை பேர் அடிமை, எது அதிகம் கெடுக்கிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். உலகத்தில் எத்தனை பேர் ஏதோ ஒரு பழக்கத்துக்கு அடிமையாக இருக்கிறார்கள்? அவற்றில் மிக மோசமானது எது? செல்போனும் கேமும் ஹெராயினும் ஒரே வகைதானா? மாட்டிக்கொண்டவர் வெளியே வர முடியுமா? நான் குடிநோய் சிகிச்சைப் பிரிவில் சில வருடம் வேலை பார்த்தவன். அப்புறம் இந்தப் புள்ளிவிவரங்களோடு மாரடிப்பதே தொழிலாகிவிட்டது. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதல் கேள்விக்கு யாராவது ஒற்றை எண்ணைச் சொன்னால் சந்தேகப்படுங்கள். எண்ணுவதில் மூன்று வட்டங்கள் இருக்கின்றன. ஒரு பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் பெரிய வட்டம். உடம்புக்கோ குடும்பத்துக்கோ கேடு வருகிற அளவுக்குப் பயன்படுத்துகிறவர்கள் அதற்குள் சின்ன வட்டம். விட நினைத்தாலும் விட முடியாதவர்கள் அதைவிடச் சின்ன வட்டம். செய்தித் தலைப்புகள் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பி அடிக்கும். போதைப்பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ஆம் ஆண்டில் 29.2 கோடிப் பேர் ஒரு தடவையாவது போதைப்பொருள் எடுத்தார்கள் என்பது ஐ.நா.வின் போதைப்பொருள் அலுவலகக் கணக்கு. அதே கணக்கில், அது நோயாக முற்றியவர்கள் 6.4 கோடி. அதாவது ஐந்தில் ஒருவருக்குச் சற்றே அதிகம். முதல் எண்ணை மட்டும் போட்டு "29 கோடி அடிமைகள்" என்று எழுதினால் அது தப்பு.

எதையெல்லாம் பட்டியலில் சேர்ப்பது என்பது அடுத்த சிக்கல். 2011-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் சிகரெட், மது, போதைப்பொருள், சூதாட்டம் ஆகியவற்றோடு இணையம், சாப்பாடு, காதல், காமம், உடற்பயிற்சி, வேலை, ஷாப்பிங் என்று மொத்தம் பதினொன்றை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். ஓர் ஆண்டில் அமெரிக்கப் பெரியவர்களில் 47 சதவீதம் பேருக்கு இதில் ஏதாவது ஒன்று நோய் அளவுக்கு இருக்கிறது என்று விடை வந்தது. காதலையும் உடற்பயிற்சியையும் உள்ளே விட்டால் பாதி நாடு நோயாளி ஆகாமல் என்ன செய்யும்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1995-இல் ஐவன் கோல்ட்பர்க் என்ற நியூயார்க் மனநல மருத்துவர், "இணைய அடிமை நோய்" என்று ஒன்றைக் கேலிக்காக எழுதிப் போட்டார். மனநல மருத்துவக் கையேடு எதற்கெடுத்தாலும் நோய்ப் பெயர் வைக்கிறதே என்ற நையாண்டி அது. எனக்கும் அந்த நோய் இருக்கிறது என்று நிஜமாகவே ஆட்கள் வந்து நின்றார்கள். 2020 வாக்கில் இன்னொரு குழு, சமூக ஊடக அடிமைத்தனத்தை அளக்கிற கேள்வித்தாளை எடுத்து, சமூக ஊடகம் வந்த இடத்தில் எல்லாம் "நேரில் பழகும் நண்பர்கள்" என்று மாற்றி 807 பேரிடம் கொடுத்தது. 69 சதவீதம் பேர் நண்பர்களுக்கு அடிமை என்று வந்தது! கேள்வித்தாளை வைத்து அடிமையைக் கண்டுபிடிப்பது எவ்வளவு வழுக்கலான வேலை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அப்படியானால் எதைத்தான் அடிமைத்தனம் என்பது? மருத்துவம் இப்போது மூன்று விஷயங்களைப் பார்க்கிறது. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது கைமீறிப் போகிறதா. சாப்பாடு, தூக்கம், வேலை, பிள்ளைகள் எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு அது முன்னால் வந்து நிற்கிறதா. கேடு கண்ணுக்குத் தெரிந்த பிறகும் தொடர்கிறதா. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்று 2022 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டுப் பட்டியலில், கேம் விளையாட்டு நோய்க்கும் சூதாட்ட நோய்க்கும் இந்த மூன்றும்தான் அளவுகோல். பொதுவாக ஒரு வருடமாவது இப்படி நீடித்திருக்க வேண்டும். எத்தனை மணிநேரம் என்பது அதில் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பெற்றோர் முதலில் கேட்பது மணிக்கணக்கைத்தான்.

காபியைப் பாருங்கள். உலகத்தில் மிக அதிகமானோர் தினமும் எடுத்துக்கொள்ளும், மூளையைத் தொடும் பொருள் கஃபீன். திடீரென்று நிறுத்தினால் தலைவலி, சோர்வு, எரிச்சல் எல்லாம் வரும். மருத்துவக் கையேட்டில் அந்த விலகல் அறிகுறிக்குத் தனிப் பெயரே இருக்கிறது. ஆனால் காபிக்காக வீட்டை விற்றவர் யாரையும் நான் பார்த்ததில்லை. பரவல் மலையளவு, தீங்கு கடுகளவு. மற்றவற்றைப் பார்க்கும்போதும் இந்த இரண்டையும் தனித்தனியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

விட முடியாமல் தவிப்பவர்களின் எண்ணிக்கையிலும் சரி, சாவிலும் சரி, புகையிலையை அடிக்க ஆளில்லை. 2000-இல் 138 கோடிப் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினார்கள். 2024-இல் அது 120 கோடி. உலக மக்கள்தொகை ஏறிக்கொண்டே போன காலத்தில் இது இறங்கியிருக்கிறது என்பது பெரிய காரியம்தான். அன்றைக்குப் பெரியவர்களில் மூவரில் ஒருவர், இன்றைக்கு ஐவரில் ஒருவர். அப்படியிருந்தும் ஆண்டுக்கு 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதனால் சாகிறார்கள். அதில் பத்து லட்சத்துக்கும் மேல் தாங்கள் புகைக்காமல் அடுத்தவர் விட்ட புகையைச் சுவாசித்தவர்கள். விடாமல் புகைப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரை அது கொன்றுவிடுகிறது.

இத்தனைக்கும் சிகரெட்டில் பெரிய போதை எதுவும் கிடையாது. யாரும் புகைத்துவிட்டுத் தெருவில் உருள்வதில்லை. பிறகு ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிகரெட்டுக்குச் சுமார் பத்து இழுப்பு. நாளைக்கு ஒரு பாக்கெட், இருபது சிகரெட் என்றால் 200 இழுப்பு. வருடத்துக்கு 73,000. ஒவ்வொரு இழுப்பிலும் நிகோடின் பத்து இருபது வினாடிக்குள் மூளைக்குப் போய்விடுகிறது. கையை வாய்க்குக் கொண்டு போனால் சின்னதாக ஒரு நிம்மதி என்ற பாடத்தை வருடத்துக்கு 73,000 தடவை மூளைக்குச் சொல்லிக் கொடுத்தால் அது மறக்குமா? அதே நிகோடினைத் தோலில் ஒட்டும் பட்டையாகக் கொடுத்தால் மணிக்கணக்கில் மெதுவாக ரத்தத்தில் இறங்குகிறது. அந்தப் பட்டைக்கு அடிமையாகித் தவிப்பவர்கள் அநேகமாக இல்லை. பொருள் ஒன்றுதான். போய்ச் சேரும் வேகமும் அடிக்கும் எண்ணிக்கையும் மாறிவிட்டன.

நான் இந்தப் பதிலில் சொல்ல வருவதே கிட்டத்தட்ட இதுதான். அடிமைத்தனம் என்றதும் ஆளின் குணத்தை, மனஉறுதியை, வளர்ப்பைத் தேடிப் போகிறோம். அவற்றுக்கும் பங்கு உண்டு, பரம்பரைக்கும் உண்டு. ஆனால் எத்தனை பேர் மாட்டுகிறார்கள், எத்தனை பேர் சாகிறார்கள் என்று பார்த்தால், பொருள் எந்த வடிவத்தில் வருகிறது, எவ்வளவு மலிவு, எவ்வளவு கிட்டத்தில் கிடைக்கிறது என்பவைதான் கணக்கை ஆட்டி வைக்கின்றன. எல்லோரும் பயப்படுகிற பொருள்கள் கொல்வதைவிட, பெட்டிக்கடையில் கிடைக்கிற பொருள்கள் கொல்வது பல மடங்கு.

மது விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று: உலகில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் பாதிக்கும் மேல் குடிப்பதே இல்லை. குடிப்பவர்களிலும் பெரும்பாலோர் கொஞ்சமாகக் குடிப்பவர்கள். ஆனால் 40 கோடிப் பேருக்குக் குடி நோயாக இருக்கிறது, அதில் 20.9 கோடிப் பேர் அது இல்லாமல் இருக்க முடியாத கட்டத்தில் இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-க்கான கணக்கைச் சொல்கிறது. அந்த ஒரே ஆண்டில் மதுவால் போனவர்கள் 26 லட்சம், அதில் 20 லட்சம் பேர் ஆண்கள். ஈரல் கெட்டுச் சாவதைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் விபத்து, அடிதடி, தற்கொலை போன்ற காயச் சாவுகளே 7.24 லட்சம். இதயமும் ரத்தக்குழாயும் கெட்டுப் போனவர்கள் 4.74 லட்சம். புற்றுநோய் 4.01 லட்சம். மது புற்றுநோய் தரும் என்று 1988-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, உறுதியாகப் புற்றுநோய் தருபவை என்ற முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. இன்றைக்கும் அதைச் சொன்னால் படித்தவர்களே புருவத்தை உயர்த்துகிறார்கள். இன்னொரு எண்ணையும் சொல்ல வேண்டும். குடியால் நடந்த சாலைச் சாவுகள் 2.98 லட்சம். அதில் 1.56 லட்சம் பேர் வேறு யாரோ குடித்ததற்காகச் செத்தவர்கள்.

குடிநோயைக் கிட்டத்தில் பார்க்காதவர்கள் அதைக் கொண்டாட்டத்தின் நீட்சி என்று நினைக்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் அனுமதியானார். கௌரவமான வேலையில் இருந்தவர், சுத்தமாகச் சவரம் செய்த முகம். முதல் நாள் நன்றாகத்தான் பேசினார். தண்ணீர் டம்ளரை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையை அதன் பக்கம் குனிந்து குடித்தார். காலையில் முதல் டம்ளர் உள்ளே போனால்தான் கை நிற்கும், கையெழுத்துப் போட முடியும், அதற்காகத்தான் சார் குடிக்கிறேன் என்றார். மூன்றாம் நாள் இரவு கட்டிலில் எறும்பு ஊர்கிறது என்று போர்வையை நுள்ளி நுள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். மனைவியை அடையாளம் தெரியவில்லை. உடம்பு கொதித்தது, நாடி தறிகெட்டு ஓடியது. நீண்ட நாள் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வரக்கூடிய பிரமைநிலை அது. மருந்து கொடுக்காவிட்டால் உயிரே போகலாம். ஹெராயினை நிறுத்துகிறவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, எலும்பெல்லாம் வலி என்று நரகம்தான். ஆனாலும் அந்த விலகலே உயிரைக் குடிப்பது அரிது. எது பயங்கரமான பொருள் என்ற நம் மனப்படத்துக்கும் உடம்பு சொல்வதற்கும் இவ்வளவு தூரம்.

சட்டமும் விலையும் சாவை எப்படி ஆட்டுகின்றன என்பதற்கு ரஷ்யாவைவிடத் தெளிவான பாடம் கிடையாது. 1985-இல் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் மது எதிர்ப்பு இயக்கத்தைத் தொடங்கி உற்பத்தியையும் கடைகளையும் குறைத்தார். ஆண்களின் சராசரி ஆயுள் 62 வயதிலிருந்து இரண்டே வருடத்தில் 65-ஐத் தொட்டது. மக்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள், அரசுக்கு வருமானம் போனது, கள்ளச் சாராயம் பெருகியது, திட்டமும் நின்றது. சோவியத் உடைந்து, பொருளாதாரமும் சிதறி, வோட்கா மலிவாக ஓடிய 1994-இல் அதே ஆயுள் 58-க்கும் கீழே போய்விட்டது. அப்புறம் வரி, விற்பனை நேரம், விளம்பரத் தடை என்று படிப்படியாக இறுக்கினார்கள். 2003-க்கும் 2016-க்கும் இடையில் ஒரு ஆளுக்கான மது அளவு 43 சதவீதம் குறைந்தது, ஆயுளும் ஏறியது. இந்த முப்பது வருடத்தில் ரஷ்யர்களின் மனஉறுதி இப்படியா ஏறி இறங்கியிருக்கும்?

போதைப்பொருள்களைக் கொஞ்சம் வேகமாகக் கடக்கிறேன், நாளிதழ்கள் அவற்றைப் பற்றித்தான் எப்போதும் எழுதுகின்றன. முதலில் சொன்ன 29.2 கோடியில் கஞ்சா மட்டும் 22.8 கோடி. ஹெராயின் போன்ற ஓபியம் வகைகள் 6 கோடி, மூளையைத் தூண்டும் ஆம்பிடமின் வகைகள் 3 கோடி, கோகெய்ன் 2.3 கோடி (ஒருவரே ஒன்றுக்கு மேல் எடுப்பதும் உண்டு). 2019-இல் போதைப்பொருளால் ஏற்பட்ட சாவுகள் 6 லட்சம். புகையிலையோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இதை வைத்து ஹெராயின் சாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எடுப்பவர்கள் குறைவு, எடுப்பவருக்கு ஆபத்து மிக அதிகம், சாவும் இளவயதில் வருகிறது. ஊசி வழியாக எச்ஐவியும் ஈரல் அழற்சியும் பரவுவது தனிக் கதை.

ஒரு தடவை தொட்டவர்களில் எத்தனை பேர் மாட்டுகிறார்கள் என்று 1990-களில் அமெரிக்காவில் கணக்கெடுத்தார்கள். புகையிலை 32 சதவீதம், ஹெராயின் 23, கோகெய்ன் 17, மது 15, கஞ்சா 9. ஹெராயினைவிடச் சிகரெட் மேலே நிற்கிறது பாருங்கள். அதே சமயம் ஹெராயினைத் தொட்டவர்களிலும் முக்கால்வாசிப் பேர் மாட்டவில்லை. "ஒரே தடவை, அவ்வளவுதான் வாழ்க்கை" என்று பள்ளிக்கூடத்தில் பயமுறுத்துவதில் இதுதான் சிக்கல். நண்பன் தொட்டுவிட்டு நன்றாகத் திரிவதைப் பார்த்த பிள்ளை, நாம் சொன்ன மற்ற உண்மைகளையும் நம்பாது.

அமெரிக்காவின் ஓபியம் வகைச் சாவுகளும் தெருமுனையில் தொடங்கியவை அல்ல, மருந்துச்சீட்டில் தொடங்கியவை. 1996-இல் பர்டியூ மருந்து நிறுவனம் ஆக்ஸிகான்டின் என்ற வலிநிவாரணியைக் கொண்டுவந்து, அடிமையாகும் ஆபத்து குறைவு என்று சொல்லி விற்றது. பின்னாளில் 2007-லும் 2020-லும் இரண்டு முறை அந்த நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மாத்திரையில் தொடங்கியவர்கள் அது கிடைக்காமல் ஹெராயினுக்குப் போனார்கள், ஹெராயினின் இடத்தை ஃபென்டனில் என்ற செயற்கை ஓபியம் வகை பிடித்தது. ஹெராயினைவிட ஐம்பது மடங்கு வீரியம். இரண்டு மில்லிகிராம், அதாவது சில உப்புக் கல் அளவு, ஆளைக் கொல்லப் போதும். 2021, 2022, 2023 மூன்று வருடமும் அங்கே அளவு மீறிச் செத்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 2024-இல் அது 80,000 அளவுக்கு இறங்கியது.

பொருளே உள்ளே போகாத அடிமைத்தனத்தில் எனக்கு மிகவும் பயம் தருவது சூதாட்டம். 2013-இல் அமெரிக்க மனநலக் கையேடு அதை மது, போதைப்பொருள் இருக்கிற அத்தியாயத்துக்கே மாற்றியது. 2024-இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் கணக்குப்படி, உலகப் பெரியவர்களில் 46 சதவீதம் பேர் ஒரு வருடத்தில் ஏதாவது ஒரு வகையில் பணம் வைத்து ஆடியிருக்கிறார்கள். சுமார் 8 கோடிப் பேருக்கு அது நோயாகவோ பிரச்சினையாகவோ ஆகிவிட்டது. சதவீதமாகப் பார்த்தால் சின்ன எண்தான். ஆனால் சூதாட்டத்தில் மக்கள் இழக்கும் பணத்தில் ஏறத்தாழ 60 சதவீதம், கேடு வரும் அளவுக்கு ஆடுபவர்களின் பையிலிருந்துதான் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. "பொறுப்போடு விளையாடுங்கள்" என்று விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் வருகிறதே, எல்லோரும் அப்படியே கேட்டுவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

காசு போட்டு ஆடும் இயந்திரம் ஒன்றின் முன்னால் உட்கார்ந்து பாருங்கள், எல்லாம் விளங்கும். பழைய இயந்திரத்தில் ஒரே ஒரு வரிசை. இன்றைய திரையில் இருபது வரிசையிலும் ஒரே சமயத்தில் பந்தயம் கட்டலாம். நூறு காசு கட்டுகிறீர்கள், ஒரு வரிசையில் முப்பது திரும்பி வருகிறது. எழுபது காசு போய்விட்டது. ஆனால் திரை மின்னுகிறது, இசை அடிக்கிறது, ஜெயித்ததாகவே உடம்பு நினைக்கிறது. இன்னொரு சுற்றில் இரண்டு பழம் நேராக நின்று, மூன்றாவது ஒரு கட்டம் தள்ளிப் போய் நிற்கிறது. அது முழுத் தோல்விதான். ஆனால் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தால், இந்த "மயிரிழையில் போச்சே" தருணம் ஜெயிக்கும்போது விழிக்கும் பகுதிகளையே தட்டி எழுப்புகிறது. எப்போது விழும் என்று தெரியாத பரிசுதான் ஒரு பிராணியை விடாமல் கொத்த வைக்கும் என்று ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துக் காட்டியது பல பத்தாண்டுக்கு முந்திய பாடம். இந்த இயந்திரங்கள் அதை அப்படியே செய்கின்றன, சில வினாடிக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில். மறுபடி வேகம்தான் பாருங்கள், சிகரெட்டில் பார்த்த அதே சங்கதி. பிரிட்டனில் பந்தயக் கடை இயந்திரங்களில் ஒரு சுற்றுக்கு 100 பவுண்ட் வரை கட்டலாம் என்று இருந்ததை 2019 ஏப்ரலில் 2 பவுண்டாகக் குறைத்தார்கள். அந்த இயந்திரங்கள் இப்போது வேறு வடிவத்தில் எல்லோருடைய சட்டைப் பையிலும் இருக்கின்றன என்பதுதான் இனி வரப்போகிற கவலை.

சூதாட்டக்காரருக்கு வாய் நாறாது, கை நடுங்காது. வீட்டில் தெரிய வரும்போது நகையும் சேமிப்பும் போய், நாலு பக்கமும் கடன் நிற்கும். தீவிரமாக ஆடுகிற ஒருவரால் சராசரியாக வேறு ஆறு பேர் பாதிக்கப்படுகிறார்கள் என்று ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. சூதாட்ட நோய் உள்ளவர்களிடையே தற்கொலை, பொது மக்களைப் போலப் பதினைந்து மடங்கு என்று சுவீடனில் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறது.

சரி, கேமும் செல்போனும். கேம் விளையாட்டு நோய் நிஜமானது. பகலும் இரவும் தெரியாமல், படிப்பை விட்டு, குளிக்காமல், ஒரு வார்த்தை சொன்னால் கத்தியை எடுக்கிற அளவுக்குப் போன பையன்களை மருத்துவமனையில் பார்க்கலாம். ஆனால் எத்தனை பேர்? உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சுமார் 3 சதவீதம் என்று வந்தது. மாதிரி ஒழுங்காக எடுத்த ஆய்வுகளை மட்டும் வைத்தால் அது 2-க்கு இறங்கியது. சமூக ஊடகத்தில் இன்னும் மோசம். வரம்பைக் கடுமையாக வைத்தால் 5 சதவீதம், தளர்த்தினால் 25. இந்த அளவுக்கு ரப்பர் போல இழுபடும் எண்ணை வைத்துக்கொண்டு "ஹெராயினுக்குச் சமம்" என்று பேசுவது எனக்கு ஒப்பவில்லை. முடிவே இல்லாமல் ஓடும் திரையும், இழுத்தால் எது வரும் என்று தெரியாத அறிவிப்பும் சூதாட்ட இயந்திரத்தின் தாயாதிகள்தான், அதை மறுக்கவில்லை. தூக்கம் கெடுவது, கவனம் சிதறுவது எல்லாம் உண்மையான கேடுகளே. அவற்றைச் சொல்ல அடிமைத்தனம் என்ற சொல் தேவைப்படாது.

இவையெல்லாம் உள்ளே ஒரே நூலில்தான் ஓடுகின்றனவா என்றால், ஓரளவுக்கு ஆமாம். பார்கின்சன் என்ற நடுக்க நோயில் மூளையில் டோபமின் என்ற ரசாயனம் குறைந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக வேலை செய்ய பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் தருவார்கள். அவற்றைச் சாப்பிட்ட சிலருக்கு, வாழ்நாளில் சீட்டைத் தொட்டிராதவர்களுக்கு, திடீரென்று சூதாட்ட வெறி வந்திருக்கிறது. சிலர் கண்டதையும் வாங்கிக் குவித்தார்கள். மாத்திரையைக் குறைத்தால் அல்லது மாற்றினால் பெரும்பாலும் வெறியும் அடங்கிவிடுகிறது. அறுபது வயது வரை ஒழுக்கமாக இருந்த ஒருவரின் "குணம்" ஒரு மாத்திரை அளவில் இருந்திருக்கிறது. டோபமின் இன்பத்தின் ரசாயனம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், அது பாதி உண்மைகூட இல்லை. அது நாட்டத்தின், எதிர்பார்ப்பின் ரசாயனம். அதனால்தான் முற்றிய நோயாளிகள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: "இப்ப அதுல ஒரு சுகமும் இல்ல சார், ஆனா விட முடியல."

கடைசிக் கேள்வி, வெளியே வர முடியுமா. முடியும், நினைப்பதைவிட அதிகம் பேர் வருகிறார்கள். 1971-இல் வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களிடையே ஹெராயின் பரவிவிட்டது என்று நிக்சன் அரசு நடுங்கியது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் திரும்பியவர்களைத் தேடித் தேடிப் பேட்டி கண்டார். அங்கே இருந்தபோது ஐந்தில் ஒருவர் அடிமையாக இருந்திருக்கிறார். அப்படி அடிமையாக இருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம் மட்டுமே. மீண்டவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே போகவில்லை. அங்கே ஹெராயின் மலிவு, சுத்தம், எங்கும் கிடைத்தது, போர் வேறு. வீட்டில் அதில் எதுவும் இல்லை. அவ்வளவுதான். வீதியிலேயே தொடங்கி வீதியிலேயே விட முயல்கிறவருக்கு இது பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவருடைய மறுவாழ்வு மையத்திலிருந்து வெளியே வரும் பேருந்து அதே தெருவில்தான் இறக்கிவிடுகிறது.

சிகிச்சை இருக்கிறது, போய்ச் சேருவதுதான் இல்லை. போதைப்பொருள் நோய் உள்ளவர்களில் பதினொருவரில் ஒருவருக்கே சிகிச்சை கிடைக்கிறது. பெண்களில் பதினெட்டில் ஒருவர்தான், ஏனென்றால் வெட்கமும் பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயமும். ஓபியம் வகை அடிமைகளுக்கு மெத்தடோன், புப்ரெனார்ஃபின் என்ற மருந்துகள் சாவை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கின்றன. 2005-லிருந்து அவை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. ஆனாலும் "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா" என்று கேட்டு, அதைத் தர மறுக்கும் நாடுகள் இன்னும் உண்டு. சர்க்கரை நோயாளியிடம் யாரும் இன்சுலினைப் பற்றி அப்படிக் கேட்பதில்லை.

உங்கள் வீட்டிலோ தெரிந்தவரிலோ யாருக்காவது இது இருக்கிறது என்றால் இரண்டு விஷயம் தெரிந்திருக்கட்டும். ஹெராயின் வகையை விட்டுச் சில வாரம் ஆன ஒருவருக்குப் பழைய தாங்குதிறன் போயிருக்கும். சறுக்கி, பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். சிறையிலிருந்தோ மையத்திலிருந்தோ வெளியே வந்த முதல் இரண்டு வாரம்தான் மிக ஆபத்தானது. நலோக்சோன் என்ற முறிமருந்து பக்கத்தில் இருந்தால் காப்பாற்றலாம். அடுத்தது, தினமும் காலையிலிருந்தே குடிக்கிறவரை "இன்றோடு நிறுத்து" என்று சொல்லி அறையில் பூட்டி வைக்காதீர்கள். போர்வையில் எறும்பு பொறுக்கிய அந்த மனிதரை மருத்துவமனையில் வைத்திருந்ததால்தான் பிழைத்தார். ஐந்தாம் நாள் காலையில் எழுந்து, நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டார். அப்புறம் இரண்டு தடவை திரும்பி வந்தார், மூன்றாவது முறைக்குப் பிறகு வரவில்லை. நல்லபடியாக இருக்கிறார் என்று அவர் மனைவி சொல்லி அனுப்பினார்.

சிகரெட்டுக்கு இந்த எச்சரிக்கை எதுவும் தேவையில்லை, எந்த நாளிலும் நிறுத்தலாம். பிரிட்டன் மருத்துவர்களை ஐம்பது வருடம் பின்தொடர்ந்து ரிச்சர்ட் டால் குழு 2004-இல் போட்ட கணக்கு இது: தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருட ஆயுளை இழந்தார்கள். 30 வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்தும் ஏறக்குறைய முழுதாகத் திரும்பக் கிடைத்தது. 40-இல் விட்டவர்களுக்கு ஒன்பது, 50-இல் ஆறு, 60-இல் விட்டவர்களுக்கும் மூன்று.